லிண்ட் – பஞ்சாலையிலிருந்து கம்ப்யூட்டருக்கு

நம் ஊர்க்காரர்களுக்கு 'லிண்ட்' புதிய வார்த்தை இல்லைங்க. ஜின்னிங்கில் கொட்டை எடுத்த பஞ்சுக்கு அதுதான் பெயர். 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய காலத்திலிருந்து பஞ்சோடு வாழ்ந்த ஊர் இது. ஷிஃப்ட் முடிந்து வருபவர் தலையிலும் சட்டையிலும் ஒட்டியிருக்கும் துணுக்குக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். இன்று சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளைகள் "லிண்ட் எரர்" என்று அலுத்துக்கொள்கிறார்களே, அது இந்தத் துணுக்கிலிருந்து வந்த பெயர்.

அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர், 'சி' மொழி நிரல்களில் ஒட்டியிருக்கும் சில்லறைத் தவறுகளைப் பொறுக்கிக் காட்ட ஒரு கருவி எழுதினார். 1978இல் அதைப் பற்றிய அறிக்கை வந்தது. கம்பைலர் கண்டுகொள்ளாமல் விடுவதை இது பிடிக்கும்: யாரும் கூப்பிடாத ஃபங்ஷன், பயன்படாத மாறி.

1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இருபது வருடம் மாட்யூல் என்ற ஏற்பாடே மொழிக்குள் கிடையாது. 2015இல்தான் 'எக்ஸ்போர்ட்' வந்தது. திருப்பூர் பனியன் ஏற்றுமதி போலத்தான். இந்தக் கோப்பிலிருந்து எது வெளியே போகலாம் என்று சொல்வது. ஒருமுறை வெளியே விட்டால், முகம் தெரியாத எத்தனையோ பேருடைய நிரல் அதை நம்பி நிற்கும். பிறகு பெயரை மாற்றினால்கூட அங்கே உடையும். உள்ளே மறைத்து வைக்க வேண்டியதை மறைத்தே வை என்று டேவிட் பர்னாஸ் 1972லேயே எழுதிவிட்டார்.

ஆயிரம் வரிக் கோப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எக்ஸ்போர்ட் சிதறிக் கிடந்தால், எது வெளியே போகிறது என்று யார் தேடுவது? அதற்குத்தான் 'குரூப்-எக்ஸ்போர்ட்ஸ்' என்று ஒரு லிண்ட் விதி: எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் சேர். அதன் அண்ணன் தம்பி மாதிரி 'எக்ஸ்போர்ட்ஸ்-லாஸ்ட்': வெளியே போவதெல்லாம் கோப்பின் கடைசியில் இரு. லாரியில் ஏற்றும் பெட்டிகளுக்குப் பேக்கிங் லிஸ்ட் ஒட்டுகிற கதைதான்.

இதை எதிர்ப்பவர்களும் உண்டு. ஃபங்ஷன் பக்கத்திலேயே எக்ஸ்போர்ட் இருந்தால் படிக்கச் சுலபம், பட்டியலுக்கு ஓட வேண்டாம் என்பார்கள். சின்னக் கோப்புக்கு அது சரி. பெரியதற்குப் பட்டியல்தான் என் கட்சி.

2002இல் டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேஎஸ்லிண்ட் வந்தபோது அவர் வைத்ததே சட்டம். 2013இல் நிக்கோலஸ் ஸகாஸ் தொடங்கிய ஈஎஸ்லிண்ட்டில் அவரவர் விதியை அவரவர் எழுதிச் சேர்க்கலாம். இந்த இரண்டு விதிகளும் அப்படி வெளியிலிருந்து சேர்ந்தவைதான். தானாக இயங்காது, குழு விரும்பிப் போட்டால்தான் உண்டு.