கொழுப்பு தங்கும் இடம்

நெடுங்காட்டு வயல்களில் நாற்றுப் பறித்தும் கதிர் அறுத்தும் கை காய்ப்பேறிய ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரியவந்தால், வீட்டார் எளிதில் நம்புவதில்லை. "ஒடிசலான ஆளாச்சே, இவருக்கு எப்படி சுகர் வந்துச்சு?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைவிட, அது எங்கே தங்குகிறது என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது.

நம் செல்கள் உபரிக் கொழுப்பை நுண்ணிய துளிகளாகச் சேர்த்து வைக்கின்றன. நடுவே ட்ரைகிளிசரைடு, அதைச் சுற்றி ஒற்றை அடுக்கு உறை, உறையின் மேல் காவல் புரதங்கள். வெறும் எண்ணெய்ப் பொட்டு என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டவை இவை. 1991இல் பெரிலிப்பின் என்ற காவல் புரதம் கண்டறியப்பட்ட பிறகு அந்த எண்ணம் மாறியது. டெல்டாக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், கொழுப்புத் துளி செல்லின் பத்தாயம். உள்ளே இருக்கும்வரை நெல் சொத்து. நிரம்பி வழிந்து ஈரத்தரையில் கொட்டினால் பாழ். கொழுப்பு அமிலங்களும் துளிக்கு வெளியே மிகுந்தால் மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்கின்றன. இன்சுலின் சொல்வதைச் செல் கேட்காமல் போகிறது.

இதற்கு வலுவான சான்று ஓர் அரிய பிறவிநோய். துளி உருவாக உதவும் செய்பின் புரதம் பழுதான குழந்தைகளுக்குத் தோலடிக் கொழுப்பு ஏறக்குறைய இருப்பதே இல்லை. ஆனால் கல்லீரலில் கொழுப்பு அப்பிக்கொள்கிறது. பின்னர் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. மெலிவு காப்பு ஆகாது.

நம் நாட்டில் இதை அழுத்தமாகக் காட்டியவர் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். 2004இல் 'லான்செட்' இதழில் அவரும் ஆங்கிலேய மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கும் படம் வெளியானது. இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. பிறப்பிலேயே இந்த வேறுபாடு தொடங்குவதையும் யாஜ்னிக் குழு கண்டது. புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. சதை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக் குழு செய்த வேலையை வியக்காமல் இருக்க முடியாது. உண்ட பின் இன்சுலின் உயரும்போது, கைனசின் என்ற மோட்டார் புரதம் கல்லீரல் செல்லின் கொழுப்புத் துளிகளைப் பற்றி இழுத்துச் செல்கிறது. அந்தக் கொழுப்பு பிறகு இரத்தத்தில் ஏற்றப்படுகிறது. பட்டினியில் கைனசின் கழன்றுகொள்ள, கொழுப்பு கல்லீரலிலேயே நிற்கிறது. எலிகளில் கண்ட இந்த ஒழுங்கு, ஃபேட்டி லிவரைப் புரிந்துகொள்ள ஒரு வாசல்.

கொழுப்புத் துளிகளின் பாதிப்பு மூளையிலும் உண்டு. 1907இல் வெளியான கட்டுரையில் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், மறதி நோய் கண்டு இறந்த ஒருவரின் மூளையில் நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் செல்களில் கொழுப்பு சேர்ந்திருந்ததையும் குறித்திருந்தார். ஆய்வுலகம் மூளையில் சேரும் அமிலாய்டு புரதப் படிவுகளின் பின்னாலேயே போய், இந்தக் குறிப்பை நெடுங்காலம் கவனிக்காமல் விட்டது பெரிய இழப்பு என்பேன். கொழுப்பைச் சுமக்கும் புரதத்துக்கான மரபணுவின் ஏபிஓஇ4 வடிவம் மறதி நோயின் அபாயத்தைக் கூட்டுவது 1993இல் தெரிந்தது. 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், இவ்வடிவத்தை இரட்டையாகப் பெற்ற நோயாளிகளின் மூளைக் காவல் செல்களான மைக்ரோகிளியாவில் கொழுப்புத் துளிகள் நிறைந்திருக்கக் கண்டனர். அச்செல்கள் சுரந்தவை ஆய்வுக்கூட நரம்பணுக்களைச் சாகடித்தன. இது மருந்தாக மாற இன்னும் தூரம் இருக்கிறது. ஆயினும் சர்க்கரை நோயைத் தடுப்பது மறதி நோய் அபாயத்தையும் குறைக்கும் வழிகளில் ஒன்று.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நெடுங்காடு உள்ள புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 20 வயதைத் தாண்டியோரில் 26.3 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய். கோவாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே அதிகம், தமிழ்நாட்டில் 14.4.

ஆகவே நெடுங்காட்டு மக்களே, எடைக் கருவியை மட்டும் நம்பாதீர்கள். அளவு நாடாவைத் தொப்புள் அருகே சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால், உடம்பு ஒல்லியாகத் தெரிந்தாலும், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள்.