இலக்கணம் யாருடைய சொத்து?

ஆறாந்தர வகுப்பில் ஒரு நாள். மாத்தளை மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து நகரத்துக்குப் படிக்க வரும் சிறுமி ஒருத்தி, உயர்திணை இன்னது, அஃறிணை இன்னது என்று பிசகின்றி ஒப்புவித்தாள். பாராட்டினேன். பின்னர் அவள் கட்டுரைக் கொப்பியைப் புரட்டினேன். 'அம்மா மலையிலிருந்து வந்துச்சு' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துவிட்டு, "உன் அம்மா என்ன, மாடா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "அம்மா அஃறிணையா, சேர்?" என்று மெல்லக் கேட்டாள்.

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவன் நான். விடை நான் படித்த நூலிலேயே இருந்தது. அதைத் தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை.

நன்னூலைச் செய்தவர் பவணந்தி முனிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்பர். அந்நூல் மாணாக்கரைத் தரம் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைப்பட்டோர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைப் போன்றோர் கடைமாணாக்கர். குளத்தைக் கலக்கிக் குடிப்பது எருமை. நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது நெய்யரி. உவமைகள் கூர்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் அவற்றுக்கு நேர்ந்த கதி என்ன? 'எருமை' என்னும் சொல் மட்டும் எஞ்சி, வசையாகிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளையை வந்த முதல் மாதத்திலேயே கடைமாணாக்கனாக்கிப் பின்வாங்கில் அமர்த்திவிட அது உதவுகிறது.

அதே நூலில், அதே பாயிரத்தில், இன்னொரு செய்தியும் உண்டு. ஆசிரியன் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு கிடைக்கிறது. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைவருகிறது. முக்காற்பங்குக் கல்வி ஆசிரியனின் வாய்க்கு வெளியே நிகழ்கிறது என்பதே இதன் பொருள். முதற் செய்தியை நாம் பிடித்துக்கொண்டோம், இரண்டாவதை விட்டுவிட்டோம். நெய்யரி யார் என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும்!

இந்த இரண்டாவது செய்தி ஏட்டோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குக் கற்பித்தான். மணலில் விரலால் எழுதிப் பழகினர். சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைச் சிறுவர்க்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய அந்திரு பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, ஜோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனையே கற்பிக்க வைத்தார். 1797 இல் இது குறித்து இலண்டனில் நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்திற் பரவியது.

ஆனால் ஆலை யுகத்து இங்கிலாந்து அம்முறையில் கண்டது என்ன? ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை அடக்கி அமர்த்தலாம் என்ற சிக்கனத்தையே பெரிதும் கண்டது. பிள்ளை பிள்ளைக்குக் கற்பித்தல் என்ற உயிர் போய், வரிசையும் கட்டளையும் என்ற உடல் மிஞ்சியது.

மனனத்தை நான் பழிக்கவில்லை. மாத்தளை நகரை அடுத்த அலுவிகாரையில்தான், தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகக் காக்கப்பட்ட பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் ஏறியது என்பது மரபு. நூலில்லாத காலத்தில் நினைவே நூலகம். அச்சு வந்த பின்னும், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், செய்யுளில் இருந்த இலக்கணத்தை எளிய உரைநடைக்குக் கொணர்ந்து 'இலக்கணச் சுருக்கம்' எழுதினார். அது மாபெரும் விடுதலை. ஆனால் வாயிலைத் திறக்க எழுதப்பட்ட நூல்களை நாம் ஒப்புவிக்கும் பாடமாக்கி, மீண்டும் பூட்டாக்கினோம்.

இப்பூட்டு தோட்டத்துப் பிள்ளைக்கு இரட்டைப் பூட்டாயிற்று. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தோரின் வழித்தோன்றல் அது. வழியில் மடிந்தோர் எண்ணற்றோர். 1880 இல் புகையிரதம் மாத்தளைக்கு வந்தது. பள்ளிக்கூடம் அத்தனை விரைவாக வரவில்லை. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் கடமையைத் துரைமார் மீது சுமத்தியது. கண்டது பெரும்பாலும் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே இருந்தன. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசு அப்பள்ளிகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது.

ஒற்றை ஆசிரியர் பள்ளியில், வேறு வழியின்றி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தது. நன்னூல் சொன்ன அரைப்பங்கு அங்கே வறுமையின் வடிவில் நிகழ்ந்தது. அதை ஒரு முறையாக வளர்த்திருந்தால்! நாமோ அதை வெறும் பற்றாக்குறை என்றே கருதினோம்.

1999 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என மூன்றையும் வகுப்பறைக்குள் வைத்தது. எழுத்தில் அது நல்ல திட்டம். ஆயினும் ஐந்தாந்தரப் புலமைப் பரிசிற் பரீட்சை நெருங்க நெருங்க, விளையாட்டு விடைபெற, வினாத்தாள் வந்து அமர்ந்துகொள்கிறது.

சிறுமியின் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தோட்டப் பள்ளியொன்றில் நான்காந்தரம் கற்பிக்கும் நண்பரிடம் அதைச் சொன்னேன். அவர் அழைக்க, ஒரு நாள் அவர் வகுப்புக்குச் சென்றேன். முப்பது பிள்ளைகள். தமிழின் முதலெழுத்துகளும் முப்பது! பன்னிரண்டு பேர் உயிராகவும் பதினெண்மர் மெய்யாகவும் நின்றனர். மெய் தனியே நின்றால் முனகல்தான். உயிர் வந்து கைபிடித்தால் ஓசை பிறக்கும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் 'க்' ஆகவும் 'ம்' ஆகவும் ஓடினர். உயிர்மெய் என்ற பெயரின் பொருளை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

பிறகு முற்றத்தில் ஐந்து கட்டம் கீறினோம்: ஐம்பாலுக்கு ஐந்து. ஒருவர் வினைச்சொல்லைக் கூவ, மற்றவர் உரிய கட்டத்துக்கு ஓடவேண்டும். முதற் சுற்றில் விரைந்தோடும் நால்வரே வென்றனர். பிறர் வேடிக்கை பார்த்தனர். விளையாட்டும் அன்னத்தையும் எருமையையும் பிரிக்கத்தான் செய்தது. விதியை மாற்றினோம். ஓடினால் புள்ளியில்லை, குழுவில் அதுவரை பேசாத ஒருவர் காரணம் சொன்னாற்றான் புள்ளி. அதன்பின் வல்ல பிள்ளைகள் தாமே மெலிந்தோருக்குக் காதோடு காதாகக் கற்பிக்கத் தொடங்கினர்.

'வந்துச்சு' என்று ஒருத்தி கூவினாள். பாதிப்பேர் ஒன்றன்பாலுக்கு ஓடினர். எழுத்தே கூட்டத் தெரியாதவன் என்று ஒதுக்கப்பட்ட சிறுவன் பெண்பாலில் நின்றான். ஏனென்று கேட்டதும், "எங்க அம்மாயி வந்துச்சு" என்றான். பெரிய வாக்குவாதம் எழுந்தது. "வீட்டில அப்படித்தான் சொல்லுவோம், எழுதும்போது வந்தார்னு எழுதணும்" என்று ஒரு சிறுமி தீர்ப்புச் சொன்னாள். உடனே "வந்தார் பலர்பாலா?" என்று இன்னொருவன் கேட்டான். இலக்கணம் பிறக்கும் இடம் இதுவே அன்றோ?

அன்றிரவு நன்னூலை மீண்டும் புரட்டினேன். உவப்பு முதலிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருதல் இயல்பே என்று அது ஒப்புக்கொள்கிறது. பசுவைக் கண்டு மகிழ்ந்தவன் தன் தாய் வந்தாள் எனல் அதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. பசுவைத் தாயாக்கும் அன்புக்கு இலக்கணத்தில் இடமுண்டு. தாயை அருகிருத்தி 'வந்துச்சு' என்னும் தோட்டத்து வழக்கை அவ்விதி நேரே பேசவில்லை. ஆயினும் சொல்வோரின் நெஞ்சைப் பார்த்தே வழுவை அளக்கவேண்டும் என்ற நீதி அதில் இருக்கிறது. அந்த நீதியை நான் அச்சிறுமிக்கு வழங்கவில்லை.

விளையாட்டு ஒன்றினாலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்வது ஏமாற்று. ஆசிரியர் பற்றாக்குறையையும் ஒழுகும் கூரையையும் ஐந்து கட்டம் ஈடுசெய்யாது. அவற்றுக்காகக் குரல் கொடுப்பது வேறு கடமை. பொதுத் தமிழைப் பிள்ளை கற்றே ஆகவேண்டும்; அதை மறுப்பது இன்னொரு வஞ்சனை. ஆனால் தன் தாய்மொழியை இகழ்ந்து அதைக் கற்கவேண்டியதில்லை.

மறுவாரம் ஆறாந்தர வகுப்பில் அவ்விதியை விளக்கும் பொறுப்பை அச்சிறுமியிடம் கொடுத்தேன். கரும்பலகை முன் நின்று அரைப்பங்கை அவள் பெற்றாள். பின்வாங்கில் அமர்ந்து காற்பங்கை நான் பெற்றேன்.