டிக்கோயாவில் நோயறிதல்: மண்டபம் முகாமிலிருந்து பி.சி.ஆர். வரை

19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத்தின் டிக்கோயாவில் காடழித்துக் கோப்பி நட்டபோது, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாக நடந்தே மலையேறினர். வாந்திபேதி வழியிலேயே பலரைக் கொன்றது. 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியது. பின்னர் தோட்டங்களுக்கு வந்தவர்கள், தமிழகக் கரையிலுள்ள மண்டபம் என்னும் ஊரில் இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டனர். அதற்குள் நோய் தலைகாட்டாதவர் கப்பலேறலாம். நாட்களை எண்ணுவதே அங்கு முதன்மையான சோதனை.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான சட்டம் 1872-இல் வந்தது. அதன்வழி தோட்டப் பகுதிகளில் வைத்தியசாலைகளும் டிஸ்பென்சரிகளும் ஏற்பட்டன. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வந்த காய்ச்சலை முதலில் பார்த்தவர், அங்கு மருந்து கொடுத்த டிஸ்பென்சர். நெருப்புக்காய்ச்சல், மலேரியா, சளிக்காய்ச்சல் மூன்றும் தொடக்க நாட்களில் ஒன்றுபோலவே தோன்றுவதால், அறிகுறியை மட்டும் கொண்டு அவற்றைப் பிரித்தறிவது கடினம்.

நுணுக்குக்காட்டி இந்த நிலையை மாற்றியது. லாவரான் 1880-இல் மலேரியா ஒட்டுண்ணியையும், கோக் 1882-இல் காசநோய்க் கிருமியையும் கண்டனர். 1916-இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியது. மலத்தில் புழுவின் முட்டையைத் தேடுவதே அதன் சோதனை. 1896-இல் வந்த விடால் சோதனை வேறு வகை. நெருப்புக்காய்ச்சல் கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருளை அது இரத்தத்தில் தேடுகிறது. அப்பொருள் உருவாகவே ஒரு வாரமளவு ஆகும்; பழைய தொற்றும் முடிவைக் குழப்பலாம்.

மரபணுச் சோதனை கிருமிக்கே உரிய மரபுப்பொருளை நேரடியாகத் தேடுகிறது. 1983-இல் கேரி முல்லிஸ் கண்டறிந்த பி.சி.ஆர். முறையில், மாதிரி சுமார் 95 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்படும்போது டி.என்.ஏ.யின் இரு இழைகளும் பிரிகின்றன. குளிரும்போது, தேடும் கிருமிக்கென வடிவமைத்த சிறு தொடர்கள் உரிய இடத்தில் ஒட்டுகின்றன. 72 பாகையில் ஒரு நொதி புதிய இழையைக் கட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிரதிகள் இரட்டிப்பதால், முப்பது சுற்றுகளில் ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டும். கொரோனா போன்ற ஆர்.என்.ஏ. வைரசு என்றால், அதை முதலில் டி.என்.ஏ.யாக மாற்ற வேண்டும்.

நெரிசலான லய அறைகளில் எளிதில் பரவும் காசநோய்க்கு இதன் பயன் பெரிது. சளியை நுணுக்குக்காட்டியில் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு மில்லிலீற்றரில் ஆயிரக்கணக்கான கிருமிகள் வேண்டும்; வளர்த்துப் பார்க்க வாரக்கணக்காகும். 2010-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பேர்ட் கருவி, அதே அளவில் சுமார் 130 கிருமிகள் இருந்தாலே இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடும். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி பணியுமா என்பதையும் அதுவே சொல்லும்.

இந்திய உதவியில் 150 கட்டில்களுடன் எழுந்த டிக்கோயா ஆதார வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே 12 அன்று திறக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் கொரோனா வந்தது; பி.சி.ஆர். என்பது லயங்களிலும் புழங்கும் சொல்லானது. இச்சோதனைக்குத் தனித்தனி அறைகளும் பயிற்சி பெற்றவர்களும் தேவை என்பதால், மாதிரிகள் குளிர்பெட்டியில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படுவது வழக்கம்.

சோதனைக்கு வரம்புகளும் உண்டு. மாதிரியைச் சரியாக எடுக்காவிட்டாலோ, தொற்றிய உடனே எடுத்தாலோ, நோய் இருந்தும் இல்லையென்று வரலாம். குணமான பின்னும் செத்த கிருமியின் மரபுத்துண்டுகள் சில வாரங்கள் தங்கக்கூடும். எனவே முடிவை நோயாளியின் அறிகுறியோடும் காய்ச்சல் கண்ட நாளோடும் சேர்த்தே மருத்துவர் படிக்கிறார்.