முந்த வேண்டியது பிந்திய கதை



1997 ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி தானே நின்று நின்று மறுபடி தொடங்கலாயிற்று. காரணம் என்ன?

தாப்பாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்டோர் சாவி ஒரு பையனிடம் இருக்கிறது. துரை அதற்காகக் காத்திருக்கிறார். இடையில் கிராணி பையனை நிறுத்திவைத்து, தம் வேலையை முடித்துக்கொள்கிறார். அதுவரை துரையும் நிற்க வேண்டியதுதான்!

கலத்தின் கணினியும் பல பணிகளை முன்னுரிமைப்படி செய்வது. வானிலைச் சிறுபணி தகவல் பாதையின் பூட்டைப் பிடித்திருக்க, நடுத்தரப் பணி அதை முந்திற்று. தலையாய பணி தவித்தது. அத்தாமதம் கண்டு கணினி தன்னையே மறுபடி தொடக்கிற்று.

இதற்கு மருந்து முன்பே உண்டு. கோயம்புத்தூர் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற இரகுநாதன் ராஜ்குமார், லூயி ஷா, ஜான் லெஹோட்ஸ்கி ஆகியோருடன் 1990இல் வெளியிட்ட கட்டுரை அதை விளக்கிற்று. சாவி கையிலுள்ளவரை பையனுக்குத் துரையின் முன்னுரிமை. கிராணி அவனை நிறுத்தலாகாது. கலத்தில் இவ்வசதி இருந்தும் இயக்கப்படாதிருந்தது. பொறியாளர்கள் பூமியிலிருந்தே அதை இயக்கினர், குறை நீங்கிற்று.

இன்று பல இயந்திரங்களை நடத்தும் லினக்சில் இவ்வசதி 2006இல் நிரல்களுக்குக் கிட்டியது. 2024இல் நிகழ்நேர இயக்க முறையே மூல லினக்சில் சேர்ந்தது. ஆயினும், பூட்டை அமைக்கும்போது நிரல் கேட்டால்தான் மரபுரிமையாய் முன்னுரிமை வரும். ஆகவே, முக்கியப் பணி தாமதித்தால் அதன் முன்னுரிமையை மேலும் உயர்த்திப் பயனில்லை. சாவி யாரிடம் என்று முதலில் பாருங்கள்.