நகரம் நடத்திய அடகுக் கடை

கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் முடைப்பட்ட காலத்தில், நகர நிர்வாகமே பொருளை ஈடாகப் பெற்றுக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டின் இத்தாலியில் வேரூன்றியது. 1462இல் பெருஜியா நகரம் இத்தகைய நிலையம் ஒன்றைத் திறந்தது. 'மோந்தே தி பியத்தா' என்று அழைக்கப்பட்ட இந்த நிலையங்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் வட இத்தாலிய, நடு இத்தாலிய நகரங்கள் பலவற்றுக்கும் பரவின. 1472இல் சியன்னா குடியரசு தொடங்கிய நிலையமே பின்னாளில் 'மோந்தே தெய் பாஸ்கி' வங்கியாக வளர்ந்து, இன்று இயங்கும் வங்கிகளுள் மிகப் பழமையானது என்ற பெயரைப் பெற்றிருக்கிறது.

அக்காலத்து நெசவாளரும் தச்சரும் செருப்புத் தைப்பவரும் இன்று விற்ற காசில் நாளைக்குச் சரக்கு வாங்கியவர்கள். விளைச்சல் பொய்த்துத் தானிய விலை ஏறினாலும், கொள்ளைநோய் வந்து சந்தை கூடாமல் போனாலும் கைமுதல் கரைந்துவிடும். முதலில் வீட்டுப் பாத்திரமும் துணிமணியும் அடகுக்குப் போகும். அடுத்துத் தறியும் உளியும் போகும். தனியார் வாங்கிய வட்டி ஆண்டுக்கு 20 முதல் 40 சதவீதம் வரை இருந்தது. கருவி மூழ்கிப்போனால் தொழிலும் சேர்ந்து மூழ்கியது. தொழில் இழந்தவர் வரி கட்டுவதில்லை. அறக்கூடத்து வாசலில் போய் நிற்பார். ஆகவே அவரைக் காப்பது நகரத்தின் சொந்த நலனாகவும் இருந்தது.

பிரான்சிஸ்கன் துறவிகள் ஊர் ஊராகச் சென்று இதற்காகப் பரப்புரை செய்தனர். நன்கொடையும் நகரக் கருவூலப் பணமும் முதலாகச் சேர்ந்தன. கடன் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. வட்டி பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம். அந்தச் சிறு வட்டியும் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. வட்டி வாங்குவதே பாவம் என்று டொமினிக்கன் துறவிகள் எதிர்த்தனர். வட்டியே வாங்காத நிலையம் எழுத்தருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் சில ஆண்டுகளில் மூடப்படும் என்று ஃபெல்த்ரே ஊர்ப் பெர்னார்தினோ வாதிட்டார். 1515இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஐந்தாம் லாத்தரன் சங்கத்தில் போப் பத்தாம் லியோ, நிர்வாகச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு வட்டி பெறலாம் என்று தீர்த்துவைத்தார். தருமமாகத் தொடங்கிய நிதி, தன் செலவைத் தானே தாங்கும் நிலையான அமைப்பாக மாறியது இதன் பிறகுதான்.

இந்த வரலாற்றில் ஆழமான கறையும் உண்டு. கிறித்தவர்களுக்கு வட்டித் தொழில் விலக்கப்பட்டிருந்ததால், பல நகரங்கள் யூதர்களுக்கு உரிமம் கொடுத்து அடகுத் தொழிலை நடத்தச் செய்திருந்தன. புதிய நிலையங்களுக்கான பரப்புரை பல ஊர்களில் யூத வெறுப்பாகவே ஒலித்தது. பெர்னார்தினோவின் பேச்சுகளும் அதற்கு விலக்கல்ல. ஏழைக்கு உதவும் ஏற்பாடு இன்னொரு சமூகத்தைத் துரத்துவதற்கும் கருவியானது.

ஆம்ஸ்டர்டாம் நகர மன்றம் 1614இல் தன் கடன் வங்கியைத் தொடங்கியது. டச்சு மொழியின் பெருங்கவிஞரான யூஸ்ட் வான் டென் ஃபோண்டலின் வாழ்க்கை இதனோடு பிணைந்தது. அவர் பட்டுக் காலுறை வணிகர். கடையை ஏற்று நடத்திய மகன் அதை நொடிக்கச் செய்ததால், தந்தையின் சேமிப்பும் கரைந்தது. 1658இல், எழுபது வயதில், அவருக்கு அந்த வங்கியில் எழுத்தர் வேலை கிடைத்தது. பத்தாண்டுகள் அடகுப் பதிவேடுகளோடு உழைத்தார். 1668இல் முழுச் சம்பளத்தோடு ஓய்வு பெற்றார்.

பாரிஸ் நகரத்துக்கு 16ஆம் லூயி மன்னர் 1777 டிசம்பரில் அடகு நிலையத்துக்கான ஆணையை வழங்கினார். மாரே பகுதியில் அது திறக்கப்பட்டது. 1804இல் நெப்போலியன் ஆட்சி தனியார் அடகுக் கடைகளை மூடி, நகர நிலையத்துக்கே முழு உரிமையையும் அளித்தது. அதன் நடைமுறை நுணுக்கமானது. பொருளை மதிப்பீட்டாளர் எடைபோட்டு விலை குறிப்பார். பொன், வெள்ளியானால் மதிப்பில் ஐந்தில் நான்கு பங்கும், பிற பொருளானால் மூன்றில் இரண்டு பங்கும் கடனாகக் கிடைக்கும். தவணை ஓராண்டு, வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துக்கொள்ளலாம். மீட்கப்படாத பொருள் ஏலத்துக்கு வரும். கடனும் வட்டியும் போக ஏலத்தில் எஞ்சிய தொகை அடகு வைத்தவருக்கே உரியது. மூன்றாண்டுகளுக்குள் அவர் அதைக் கேட்டு வாங்கலாம். பொருள் மூழ்கினாலும் அதன் முழு மதிப்பும் மூழ்காமல் காத்தது இந்த விதி.

குறையும் அதே நடைமுறைக்குள் இருந்தது. ஏலத்தில் கடன் தொகை தேறாவிட்டால் இழப்பை மதிப்பீட்டாளரே ஏற்க வேண்டும். ஆகவே அவர்கள் தாழ்த்தியே மதிப்பிட்டனர். நூறு ஃபிராங்க் பெறும் சரக்கைக் கொண்டுவந்த சிறு வணிகருக்குத் தேவைக்கும் குறைவான பணமே கிடைத்தது. நிலையத்தின் பாதுகாப்புக்கான ஏற்பாடு கடன் வாங்குவோரின் கையைக் கட்டியது.

பெரும் நெருக்கடியில் கடன் மட்டும் போதாது என்பது 1870-71இல் தெரிந்தது. பிரஷ்யப் படை 1870 செப்டம்பர் முதல் 1871 ஜனவரி வரை பாரிஸை முற்றுகையிட்டது. வேலையும் வியாபாரமும் நின்றன. வணிகர்கள் எழுதிக்கொடுத்த உண்டியல்களுக்குப் பணம் கட்டும் கெடு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. முற்றுகை முடிந்து வியாபாரம் தலையெடுக்கும் முன்பே, தேசியப் பேரவை மார்ச் 10ஆம் நாள் சட்டத்தால் அந்தச் சலுகையை முடித்துவிட்டது. மார்ச் 13 முதல் 17 வரையிலான ஐந்தே நாளில் சுமார் ஒன்றரை இலட்சம் உண்டியல்கள் பணமின்றித் திரும்பியதாகக் கணக்கிடப்பட்டது. பட்டறைக்காரரும் கடைக்காரரும் திவாலின் விளிம்புக்கு வந்தனர். மார்ச் 18இல் கிளர்ச்சி வெடித்ததற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

மார்ச் 26இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றமான பாரிஸ் கம்யூன் மூன்று அடுக்காக உதவியது. 1870 அக்டோபர் முதலான மூன்று காலாண்டு வாடகையைத் தள்ளுபடி செய்தது. நிலுவையிலிருந்த வணிகக் கடன்களை மூன்றாண்டுகளில், வட்டியில்லாமல், தவணைகளாகக் கட்ட ஏப்ரலில் வழிசெய்தது. அடகுப் பொருள்களின் ஏலத்தை நிறுத்தியது. பின்னர் மே 6ஆம் நாள் ஆணையால், 20 ஃபிராங்க் வரையிலான கடனுக்கு ஈடாக வைத்த உடை, படுக்கை, நூல்கள், தொழிற்கருவிகள் முதலியவற்றை இலவசமாகத் திருப்பித் தர உத்தரவிட்டது. தையற்காரிக்குக் கத்தரிக்கோலும் தச்சருக்கு இழைப்புளியும் திரும்பினால்தான் அவர்கள் மீண்டும் சம்பாதிக்க முடியும். ஆனால் மே இறுதியில் அரசுப் படை கம்யூனை ஒடுக்கியபோது இந்த முயற்சிகளும் பாதியில் முறிந்தன.

அடகே இல்லாத இன்னொரு வழியும் இதற்கு முன்பே பிறந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் ஷூல்ஸ்-டெலிச் கைவினைஞர்களுக்கான கூட்டுறவுக் கடன் சங்கங்களை உருவாக்கினார். இங்கே ஈட்டின் இடத்தில் உறுப்பினர்களின் கூட்டுப் பொறுப்பு நின்றது. தறியைக் கழற்றாமலே நெசவாளர் கடன் பெற முடிந்தது. இந்த ஐரோப்பிய அனுபவங்களை ஆராய்ந்து சென்னை மாகாணத்துக்காக பிரெடரிக் நிக்கல்சன் எழுதிய அறிக்கை, 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அடித்தளமானது. அச்சட்டத்தின் கீழ் இந்தியாவில் பதிவான முதல் நகரக் கடன் சங்கம், அதே ஆண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில் தொடங்கியது.

பழைய நிலையங்களும் அடியோடு மறையவில்லை. பிரான்சில் 1918இல் அவை நகராட்சிக் கடன் நிலையங்கள் என்று பெயர் மாறின. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் நிலையங்கள் இன்றும் நகர உடைமைகளாக நகைக்கும் கடிகாரத்துக்கும் கடன் கொடுக்கின்றன. சாதாரண முடைக்குக் குறைந்த வட்டிக் கடனும், ஏலத்தில் எஞ்சியதைத் திருப்பித் தரும் நேர்மையும் போதுமாயிருந்தன. ஊரே முடங்கிய காலத்தில் வாடகைத் தள்ளுபடி, நீண்ட தவணை, கருவிகளைத் திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் சேர்ந்தே தேவைப்பட்டன. சிறு தொழிலை மீட்க முனையும் எந்த நகரமும் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே: கடன் கேட்டு வருபவரின் தொழிற்கருவி அவர் கையை விட்டுப் போகாமல் காப்பதே முதல் உதவி.