கேழ்வரகு உருண்டையும் சால்மன் தூண்டிலும்

ஓர் ஆற்றில் பழகிய தூண்டில் வித்தை வேறோர் ஆற்றில் செல்லுமா? 1873-ல் மங்களூரில் அச்சான 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தின் அடியில் ஓடுவது இந்தக் கேள்விதான். எழுதியவர் ஹென்றி சலிவன் தாமஸ். மதராஸ் சிவில் சர்வீஸ்காரர், தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர். கலெக்டர் வேலைக்கு நடுவே மீன் பிடித்தாரா, மீன்பிடிக்கு நடுவே கலெக்டர் வேலை பார்த்தாரா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

பிரிட்டனில் சால்மனுக்குப் பழகிய துரைமார்களின் கை இங்கே தேடியது மஹசீரை. இதுவும் கெண்டைக் குடும்பம்தான், ஆனால் நம்ம குளத்துக் கெண்டையை நினைத்துவிடக் கூடாது. 1946-ல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்ற மைசூர்க்காரர் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ! வாயில் பல் இல்லை, பல்லெல்லாம் தொண்டைக்குள். அதை வைத்தே தடித்த கொக்கியையும் நசுக்கிவிடும். சீமையிலிருந்து வந்த கொக்கிகள் பல இதனிடம் தோற்றன. செத்த சிறுமீனைக் கொக்கியில் மாட்டி, ஓடும் தண்ணீரில் உயிருள்ளது போலச் சுழலவிட்டு இழுக்கும் முறையை இந்த மீனுக்கும் இந்த நீரோட்டத்துக்கும் ஏற்ப எப்படித் திருத்துவது என்று தாமஸ் விரிவாகச் சொல்லித் தருகிறார்.

சங்கரன்கோவில்காரனுக்கு இது கொஞ்சம் விநோதம். எங்க ஊரில் ஆறு கிடையாது. குளத்தில் மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு தேமேன்னு உட்கார்ந்திருப்போம். பாபநாசம் போனால் படித்துறை மீன்களுக்குப் பொரி போடுவோம், அவ்வளவுதான்.

நூறு வருஷம் கழித்து, 1977-ல், சில பிரிட்டிஷ் இளைஞர்கள் மஹசீரைத் தேடி மறுபடி இந்தியாவுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பிறகு காவிரிக்கு வெளிநாட்டுத் தூண்டில்காரர்களின் வரத்து தொடங்கியது. கையில் நவீன ராட், ரீல் எல்லாம் உண்டு. ஆனால் கொக்கியில் ஏறியது என்ன தெரியுமா? வேகவைத்துப் பிசைந்த கேழ்வரகு உருண்டை. பரிசல் ஓட்டியவர்களும் உள்ளூர்க்காரர்களே. அவர்களில் சிலர் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். எந்தப் பாறை இடுக்கில் மீன் நிற்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

இதற்கிடையே இன்னொரு சோதனையும் நடந்தது, இம்முறை மீனையே வைத்து. மகாராஷ்டிராவில் லோணாவலாவில் டாடா மின் நிறுவனத்தின் பண்ணை, நீலத்துடுப்பு மஹசீரைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்தது. கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த மீன் அது. அதன் குஞ்சுகளைக் காவிரியிலும் விட்டார்கள். நல்ல எண்ணம்தான், சந்தேகமே இல்லை. மஹசீர் குறைகிறது, மஹசீரை விடுவோம். ஆனால் காவிரியின் சொந்த மீன் வேறு. முதுகில் திமில், ஆரஞ்சுத் துடுப்பு. தூண்டில்காரனுக்கு இரண்டும் மஹசீர்தான், எடைதான் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், இதைக் காட்டிக்கொடுத்ததும் அதே தூண்டில்காரர்களின் நோட்டுதான். காவிரி முகாம்களில் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டோம், என்ன மீன், என்ன எடை என்று எழுதி வைப்பது வழக்கம். 1998 முதல் 2012 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் அதில் பதிவாகியிருந்தன. மென்பொருள்காரனின் கண்ணுக்கு அது அசல் லாக் ஃபைல். பிழை எப்போது நுழைந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். 2015-ல் ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலியோர் அதை ஆராய்ந்தபோது நீலத்துடுப்பின் எண்ணிக்கை ஏற, திமில் மஹசீர் சரிந்திருப்பது தெரிந்தது. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்குள் தூண்டிலுக்குத் தடை வந்தபின் அந்த நோட்டும் இல்லை.

இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானது 2018-ல்தான்! கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு 2007-ல் விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவி' என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று அந்த ஆண்டில் நிறுவினார்கள். அதே ஆண்டு ஐ.யூ.சி.என். அதை 'மிக அருகிய இனம்' பட்டியலில் சேர்த்தது. அந்த ஆய்வுக்குத் தேவையான உயிருள்ள திமில் மஹசீர்கள் அவர்களுக்குக் கிடைத்தது பழைய காவிரி முகாம்களில் அல்ல, நீலகிரிக்குக் கீழே ஓடும் நம்ம மோயாற்றில்.