நோகுச்சி, இசாமு

இசாமு நோகுச்சி (1904–1988) கல், காகிதம், தோட்டம், விளையாட்டுத் திடல் என எல்லாவற்றையும் சிற்பமாகவே கண்ட அமெரிக்கச் சிற்பி. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். தந்தை யோனே நோகுச்சி ஜப்பானியக் கவிஞர். தாய் லியோனி கில்மோர் அமெரிக்க எழுத்தாளர். மகன் பிறக்குமுன்பே தந்தை நாடு திரும்பிவிட்டார். 1907இல் தாய் குழந்தையுடன் ஜப்பான் சென்றும் குடும்பம் ஒன்றுசேரவில்லை.

சிகசாகி என்னும் கடலோர ஊரில் தாய் வீடு கட்டியபோது, சிறுவன் வேலை நடக்கும் இடத்திலேயே இருந்து தச்சுக் கருவிகளைப் பிடிக்கப் பழகினான். மரத்தின் மீதும் மண்ணின் மீதும் நோகுச்சிக்கு இருந்த பிடிப்பு அங்கே வேர்விட்டது. ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவன் வெளிநாட்டான். 1918இல், 13 வயதில், தனியாகக் கப்பலேறி இந்தியானா மாநிலப் பள்ளிக்குச் சென்றான். அங்கே பெயர் சாம் கில்மோர். சிற்பியாவது என்று முடிவுசெய்த பிறகே தந்தையின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். 1927இல் பாரிசில் சிற்பி பிரான்குசியின் உதவியாளராக இருந்தார்.

இவரது கலையைக் கிழக்கும் மேற்கும் கலந்த அழகு என்று சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது. இரண்டு நாடுகளும் தம்மவர் என்று முழுதாக ஏற்காத ஒருவர், மனிதர் வந்து தங்கும் இடங்களைத் தாமே படைக்க முயன்றார். 1942இல் ஜப்பானிய வழி அமெரிக்கர்கள் அடைக்கப்பட்ட அரிசோனாவின் போஸ்டன் முகாமுக்கு, நியூயார்க்வாசியான அவர் போகவேண்டிய கட்டாயமில்லை. தாமாகவே போய்ப் பூங்காக்களுக்கு வரைபடம் போட்டார், எதுவும் நிறைவேறவில்லை. ஹிரோஷிமா அமைதிப் பூங்காவின் இரு பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர்களை வடிவமைத்தவர் அவர். அங்கு எழவிருந்த நினைவுச்சின்னத்துக்கு அவர் தந்த வடிவமோ ஏற்கப்படவில்லை.

1951இல் ஜப்பானின் கிஃபு நகரில் காகித விளக்குப் பட்டறைகளைப் பார்த்துத் தொடங்கியதே 'அகாரி' விளக்கு வரிசை. மரப்பலகை அச்சின் மீது மெல்லிய மூங்கில் கீற்றைச் சுருளாகச் சுற்றி, முசுக்கட்டைப் பட்டைக் காகிதத்தை ஒட்டுவார்கள். பசை காய்ந்ததும் அச்சை உள்ளிருந்தே துண்டுதுண்டாக உருவி எடுத்துவிடுவார்கள். விளக்கு தட்டையாக மடங்கும். உள்ளே மின்விளக்கு எரியும். அவரது சலவைக்கல் சிற்பங்களுக்குச் சற்றும் குறையாத படைப்பு இது. 1986 வெனிஸ் பியனாலேயில் அமெரிக்காவின் சார்பில் அவரும் இவற்றைச் சிற்பங்களாகவே காட்சிக்கு வைத்தார்.

குழந்தைகள் ஏறி இறங்கி விளையாட நிலத்தையே மலையாகச் செதுக்கும் திட்டம் ஒன்றை 1933இல் வரைந்தார். நியூயார்க் பூங்காத் துறை அதை ஏற்க மறுத்தது. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் ஜப்பானின் சப்போரோ நகரில் மொஎரெனுமா பூங்காவை வடிவமைத்தபோது அந்த மலையையும் அதில் சேர்த்தார். முன்பு குப்பை கொட்டிய அந்நிலத்தில் பூங்கா 2005இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பிள்ளைகள் இன்று அந்த மலையில் ஏறி விளையாடுகிறார்கள்.